எத்தனுக்கு வைத்த ஒப்பாரி

எங்கள் ஊரில் எத்தன் என்ற சொல்லை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிட மாட்டார்கள். இருட்டில் வந்து ஆட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவன் திருடன். மரக்காலுக்குள் கட்டை விரலை விட்டு நெல் அளக்கிறவன் மோசக்காரன். நம் ஆட்டை நம் கையாலேயே பிடித்துக் கொடுக்க வைத்து, அதைச் சமைத்து, நமக்கே ஒரு எலும்பைப் போட்டு, அதையும் நாம் சிரித்துக்கொண்டே கடிக்கும்படி செய்கிறவன்தான் எத்தன். கதையில் வரும் எத்தனுக்குப் பெயரும் கிடையாது, ஊரும் கிடையாது. "ஒரு ஊர்ல ஒரு எத்தன்" என்று ஆரம்பித்தால் போதும், வெற்றிலை மடிக்கிற கை அப்படியே நின்றுவிடும். ராஜா ஏமாறுவார், வியாபாரி ஏமாறுவான், சில கதைகளில் சாமியே ஏமாறும். யாருக்கும் கோபம் வராது. கதை முடிந்ததும் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடலாம்.

கதைக்குள் இருக்கும் வரைக்கும்தான் அந்தச் சௌகரியம். எங்கள் ஊரில் ஒருவன் கதைக்கு வெளியே எத்தனாக இருந்தான். அவன் என் அண்ணன்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவன் எங்கள் பிறந்த வீட்டில் தனியாக இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை அதே ஊரில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஆத்தா என்பான். குடுமியான்மலை மேல் ஏறி நின்று பார்த்தால் எங்கள் கண்மாய்க்கரைப் பனைகள் தெரியும். அந்தக் கரைக்குக் கீழே இருந்த கொஞ்ச நிலத்தை உழுது, மீதி நேரத்தில் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

எனக்கும் ஊரில் ஒரு பெயர் இருந்தது. சாவு விழுந்தால் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். என் தொண்டைக்கு அழாத கண் கிடையாது என்பார்கள். ஒப்பாரிக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. உயிரோடு இருப்பவரை நினைத்து வாயைத் திறக்கக் கூடாது. கருமாதி முடிந்துவிட்டால் அந்த ஆளுக்கு மறுபடி ஒப்பாரி வைக்கக் கூடாது. வைத்தால் போய்க்கொண்டிருக்கிற உயிர் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்க்குமாம். இதையெல்லாம் நான் நம்பினேனோ இல்லையோ, மீறிப் பார்க்கத் தைரியம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

அப்போது சண்டைக் காலம். கீரனூர் ரோட்டில் பஸ்கள் பெட்ரோல் இல்லாமல் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை கக்கிப் போயின. துணிக்குத் தட்டுப்பாடு. ஆனாலும் அந்த வருஷம் மழை பெய்திருந்தது, வயிறு நிறைந்திருந்தது, வம்புக்கு நேரம் இருந்தது.

ஊர்ப் பெரியதனக்காரரை எங்கள் பக்கத்தில் அம்பலம் என்போம். எங்கள் அம்பலம் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர். கருப்பர் கோயிலுக்கு மண் குதிரை எடுத்துப் போகும் புரவி எடுப்பு நடந்தால் அவர் வீட்டுக் கிடா வெட்டி ஊருக்குச் சோறு போட வேண்டும், அது அவர் முப்பாட்டன் காலத்து வழக்கம். அவரோ வருஷா வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லி ஒரு பூசணிக்காயை வெட்டிவிட்டுக் கும்பிட்டுப் போய்விடுவார்.

கோயிலில் நிற்கும் பெரிய மண் குதிரைகள் உள்ளே வெறும் கூடு. சூளையில் வேகும்போது வெடிக்காமல் இருக்க வயிற்றுக்கடியில் ஓட்டை விட்டிருப்பார்கள். அந்த ஓட்டையில் வாயை வைத்துப் பேசினால் குரல் குதிரையின் வாய் வழியாகக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறாற்போல் வரும். இதை என் அண்ணனைத் தவிர வேறு யாரும் வேலை மெனக்கெட்டுக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அந்த வருஷப் புரவி எடுப்பில் அம்பலம் பூசணிக்காயை எடுத்து வைத்ததும் கருப்பரின் குதிரை பேசியது.

"அம்பலம்! இந்த வருசமும் பூசணிக்காயா? நான் என்ன கூட்டு வைக்கவா ஒக்காந்திருக்கேன்?"

ஊரே குப்புற விழுந்து கும்பிட்டது. அம்பலத்துக்கு வேர்த்துக் கொட்டி, இருந்த இடத்திலிருந்தே கிடாய்களை ஓட்டி வரச் சொன்னார். அன்று ஊர்ப் பொட்டலில் நடந்த பந்தி மாதிரி நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அண்ணனுக்குத்தான் வாயை அடக்க முடியாதே. கறியை வாயில் வைத்துக்கொண்டு அதே குரலில், "கூட்டு வைக்கவா ஒக்காந்திருக்கேன்?" என்றான். ஒரு நிமிஷம் பந்தி அப்படியே நின்றது. பிறகு யாரோ ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டது, வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது. அம்பலமும் சிரித்தார்.

"எவன் பேசுனா என்ன, கறி வெந்துருச்சு. சாப்புடுங்க" என்றார்.

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனவள். அவர் அதற்குப் பிறகு ஒரு வாய் எடுக்கவில்லை. சோறும் கறியும் இருந்தபடியே இலையை மடித்துவிட்டு எழுந்தார். அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒனக்கு எதுலயும் நொள்ளை" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் மழை இல்லை. ஆடியில் விதைத்தது ஆவணியில் கருகியது. புரட்டாசியில் கண்மாய் வெடித்துப் பிளந்தது. ஐப்பசி பிறந்தால் எங்கள் சீமையில் எப்படியும் இடி இடிக்கும். அந்த ஐப்பசியில் வானம் துடைத்து வைத்த பித்தளைத் தட்டாக இருந்தது. கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பினோம். மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போனவர்கள், வாங்க ஆள் இல்லாமல் ஓட்டிக்கொண்டே திரும்பினார்கள்.

யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. ஊற்றடியில் ஒருத்தி சொன்னாள், "சாமி கொரல எடுத்துப் பேசுனா சாமி சும்மா இருக்குமா?" அந்தக் கிடாயின் ஈரலைத் தனியாகக் கேட்டு வாங்கித் தின்றவள் அவள். கறி தின்ற வாய்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அதையே பேச ஆரம்பித்தன. எத்தன் என்ற சொல்லும் அதேதான், ஆள்களும் அதே ஆள்கள்தான். ஆனால் இப்போது அதைச் சொல்லிவிட்டுத் துப்பினார்கள். அண்ணன் வந்தால் பேச்சு நின்றது. அவன் ஏதாவது சொன்னால் சிரிக்காமல் அவன் வாயையே பார்த்தார்கள்.

அம்பலம் குன்றாண்டார்கோவில் பக்கமிருந்து ஒரு கோடாங்கியை அழைத்து வந்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்கிற ஆள். பிள்ளையார் கோயில் முன்னால் ஊர் கூடியது. அவன் நெடுநேரம் அடித்துவிட்டுச் சொன்னான், "சாமி வாயை எடுத்தவன் சாம்பலானா மேகம் எறங்கும்."

ஊரே என் அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. அவன் அரச மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அந்த ஒரு கணத்தில் அவனை அங்கேயே என்ன வேண்டுமானாலும் செய்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அமுக்கினார், நான் எழுந்துவிடக் கூடாது என்று.

அம்பலம்தான் கையமர்த்தினார். மெதுவாக, நியாயம் பேசுகிற குரலில் பேசினார்.

"மனுசனையா கொளுத்த முடியும்? கொடும்பாவி கட்டுவோம். வைக்கோல்ல ஆள் செஞ்சு, அவன் வேட்டி, அவன் துண்டு போட்டு இழுப்போம். பந்தியில கட்டியிருந்தானே, அந்த வேட்டி. கூடப் பொறந்தவ தலமாட்டுல ஒக்காந்து ஒப்பாரி வைக்கட்டும். சாமிக்கும் கணக்குத் தீந்துரும், ஊருக்கும் பாவம் வராது."

கொடும்பாவி இழுப்பது புதிதில்லை. மழை இல்லாத வருஷங்களில் வைக்கோலால் ஒரு பாவியைச் செய்து, தெருவெல்லாம் இழுத்து, மாரில் அடித்து அழுது, கொளுத்துவது எங்கும் உண்டு. ஆனால் அந்தப் பாவிக்கு முகம் இருக்காது. எந்த ஊரிலும் உயிரோடு இருக்கிறவன் வேட்டியை அதற்குக் கட்ட மாட்டார்கள். ஊர் அதைப் பெரிய கருணை என்று நினைத்து அம்பலத்தைக் கும்பிட்டது.

மறுநாள் காலை அண்ணன் என் வீட்டுக் கொல்லைக்கு வந்தான். நான் உரலில் கேப்பை குத்திக்கொண்டிருந்தேன். அவன் முகத்தில் பழைய குறும்பு இருந்தது, எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"ஆத்தா, அந்தக் கதை ஞாவகம் இருக்கா? எத்தனைக் கூட்டிட்டுப் போக எமன் வந்தானே?"

இருந்தது. எமன் வருவது தெரிந்து எத்தன் ஒரு வைக்கோல் பொம்மைக்குத் தன் வேட்டியைக் கட்டிப் படுக்க வைத்துவிட்டுக் நெற்குதிருக்குள் ஒளிந்துகொள்வான். எமன் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். எத்தன் வெளியே வந்து கஞ்சி குடிப்பான். அவ்வளவுதான் கதை.

"அதேதான் நடக்கப் போவுது. கோடாங்கி சொன்ன சாவு வைக்கோலோட போயிரும். நான் கஞ்சி குடிப்பேன்" என்றான்.

"நான் அழ மாட்டேன். உசுரோட இருக்கறவனுக்கு எவளாச்சும் ஒப்பாரி வைப்பாளா?"

"நீ அழலேன்னா மழை வராதது ஒன் தலையில விழும். அப்பறம் ஒன்னையும் கட்டி இழுப்பாங்க. சும்மா வேசத்துக்கு அழு. எமனுக்குச் சந்தேகம் வராம அழு, போதும்."

எமனையா, அம்பலத்தையா, யாரை ஏமாற்றப் போகிறோம் என்று கேட்டேன். சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் உலக்கையைத் தூக்கி அந்தப் பக்கம் எறிந்தேன். அவன் அதை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

கொடும்பாவியைப் பொட்டலில் கிடத்தியிருந்தார்கள். அந்த வேட்டியின் ஓரத்தில் நானே தைத்துக் கொடுத்த தையல் இருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்தேன். பொதுவாக நாலு வரி பாடிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் தொண்டை என் பேச்சைக் கேட்கவில்லை.

"சிரிக்க வச்ச நாளையில சீமைச் சனம் கூடி வந்தா
எரிய வச்ச நாளையில என்னையன்றி யாரிருக்கா"

யாரும் சொல்லித் தராத பாட்டு, அதுவாக வந்தது. சுற்றி இருந்த பெண்கள் நிஜமாகவே மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். காலில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனபோது அண்ணனும் பின்னால் வந்தான். எல்லோரையும் விடப் பலமாக மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, நான் போயிட்டேனே!" என்று அழுதான். சின்னப் பிள்ளைகள் சிரித்தன. தாய்மார்கள் அந்த வாய்களைப் பொத்தினார்கள்.

வறண்ட கண்மாய்க்குள் வைத்துத் தீ மூட்டினார்கள். வேட்டியில் தீ ஏறியதும் கூட்டத்தின் பின்னாலிருந்து அண்ணன், "ஐயோ, சுடுதே!" என்று கத்தினான்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் ஊர் உருண்டு புரண்டு சிரித்திருக்கும். அன்று ஒருவர் சிரிக்கவில்லை. ஒருவர் திட்டவும் இல்லை. அவன் பேசியதையே கேட்காதவர்கள் மாதிரி தீயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார், மற்றவர்களும் அப்படியே நடந்தார்கள். அண்ணன் அங்கேயே நின்றான்.

மறுநாள் பிற்பகல் மழை வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியது. அண்ணன் தெருவின் நடுவில் நனைந்துகொண்டு ஆடினான். "நான் செத்தேன், மழை பெஞ்சிருச்சு! கிடா எங்க, கிடா எங்க?" என்று ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று கேட்டான். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. மழை பெய்யாமல் போயிருந்தால்கூட அவன் பிழைத்திருப்பான் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. பெய்த மழை கோடாங்கி சொன்னதை நிஜமாக்கிவிட்டது.

அவனை ஊர் தள்ளி வைக்கவில்லை. தள்ளி வைத்தால் காலில் விழலாம், தண்டம் கட்டலாம், திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். இது வேறு. அவன் இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். கடையில் அவன் நின்றால் கடைக்காரர் அவனுக்குப் பின்னால் நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். சவரம் செய்கிறவர் அவன் கூப்பிடுவது காதில் விழாமல் போனார். ஊர் கூடிக் கொடும்பாவிக்குக் கருமாதியும் செய்து முடித்தது. அவர்களிடம் வன்மம் இல்லை, பயம்தான் இருந்தது. அவனிடம் ஒரு சொல் பேசிவிட்டால் பெய்த மழை பொய்யாகிவிடும் என்ற பயம். என் வீட்டுக்காரருக்கும் அதே பயம்தான். ஆனால் நான் கொல்லைப்புறம் சோறு கொண்டுபோனால் அவர் பார்க்காதது மாதிரி இருந்துவிடுவார், அதுவே பெரிது.

கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து அண்ணன் சாப்பிடுவான். ஒரு நாள் நான் இலையைக் கொண்டுபோய் வைக்கும்போது வேலிக்கு அங்கிட்டிருந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அவன் கால்கள் தெரிந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"அண்ணனுக்குப் படைக்கிறியாத்தா? நல்லதுதான். காக்கா எடுக்குதா பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணன் சிரித்தான். அப்புறம் இலையில் வைத்த கையை எடுக்கவும் இல்லை, பிசையவும் இல்லை.

"எமன் ஏமாந்துட்டான் ஆத்தா, அது சரி. ஊரும் ஏமாந்துட்டா நான் எங்கிட்டு இருக்கறது?" என்றான்.

நான் வாய்விட்டு அழப் போனேன். "வேண்டாம், ஒரு தடவ அழுதது போதும்" என்று தடுத்தான். கீரனூர் போய்த் திருச்சி பஸ் ஏறப் போவதாகச் சொன்னான். "எங்க இருந்தாலும் பொங்கச் சீர் ஒனக்கு வரும். பொங்கலுக்கு மொத நாளு சுமைதாங்கிக் கல்லுகிட்ட போய்ப் பாரு. நான்தான் வச்சேன்னு ஒனக்குத் தெரியற மாதிரி வைப்பேன். வாரேன்."

கூடப் பிறந்தவளுக்குப் பொங்கலுக்குப் பானையும் மஞ்சள் கொத்தும் அனுப்புவது பிறந்த வீட்டுக் கடமை. எங்கள் ஊருக்கு வெளியே ரோட்டோரம் இருந்த சுமைதாங்கி, பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன ஒருத்திக்காக நட்ட கல். பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். நான் பொங்கலுக்கு முதல் நாள் விடியற்காலையில் போனேன். கல்லின் மேல் புதுப்பானை இருந்தது. அதன் கழுத்தில் மஞ்சள் கொத்து தலைகீழாக, கிழங்கு மேலேயும் இலை கீழேயுமாகக் கட்டியிருந்தது. மங்கலச் சாமானை அப்படிக் கட்ட என் அண்ணனைத் தவிர எவனுக்கு மனசு வரும்? ரோட்டில் தன்னந்தனியாக நின்று சிரித்தேன்.

வருஷா வருஷம் பானை வந்தது. சந்தையில் வாங்கினேன் என்று வீட்டிலும் ஊரிலும் சொன்னேன். அவன் உயிரோடு இருப்பது தெரிந்தால் மழை குறைந்த வருஷம் எதுவும் நடக்கலாம் என்று தெரியும். பானையைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் முதுகில் யாரோ பார்க்கிற மாதிரியே இருக்கும்.

ஒரு வருஷம் நிஜமாகவே பார்த்தார்கள். நான் ரோட்டிலிருந்து திரும்புகையில் அம்பலம் கண்மாய்க்கரையில் பல் விளக்கிக்கொண்டு நின்றார். பானையைப் பார்த்தார்.

"யாரு கொண்டாந்தது?"

"சந்தையில வாங்குனதுங்க. சொமக்க முடியாம நேத்து அங்க வச்சிட்டு வந்தேன்."

"கொத்து தலைகீழா இருக்கே."

"கடைக்காரன் கட்டுனதுங்க."

வேப்பங்குச்சியை மென்று துப்பினார். பிறகு, அந்தக் கோடாங்கி நாளில் பேசிய அதே நியாயக் குரலில், "அடுத்த வருசம் நேராக் கட்டச் சொல்லு" என்றார்.

அந்த வருஷம் மழை குறைந்தது. கண்மாய் பாதிதான் நிறைந்தது. ஊற்றடியில் மறுபடி முணுமுணுப்பு எழுந்தது. அம்பலம் திருச்சிக்குப் போய் வந்தார் என்று சொன்னார்கள். என்ன வேலையாக என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு முதல் நாள், பானை இருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இருந்தது. புதுப்பானை, நல்ல பானை. மஞ்சள் கொத்து நேராகக் கட்டியிருந்தது, கிழங்கு கீழே, இலை மேலே, முறைப்படி.

நான் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நேராகக் கட்டச் சொன்னது இரண்டே பேருக்குத்தான் தெரியும், சொன்னவருக்கும் கேட்ட எனக்கும். அண்ணனிடம் சொல்ல எனக்கு வழியே இல்லை. அவன் கை இதைக் கட்டவில்லை. அவன் உயிரோடு இருந்திருந்தால் இது இப்படி இருந்திருக்காது. எத்தனுக்கு எத்தன் உலகத்தில் உண்டு என்று சிரித்துக்கொண்டே சொல்வோமே, அதைச் சொல்லும்போது இனி எனக்குச் சிரிப்பு வராது என்று அப்போது தெரிந்துகொண்டேன். அம்பலம் என்ன செய்தார், ஏதாவது செய்தாரா, அல்லது அவன் எங்கோ தானாகச் செத்தது தெரிந்து எனக்கு இப்படிச் சேதி சொன்னாரா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அவனுக்காக அழ எனக்கு வழி இல்லை. ஊரறிய ஒப்பாரி வைத்தாகிவிட்டது, கருமாதி முடிந்தாகிவிட்டது. இப்போது அழுதால் யாருக்கு அழுகிறாய் என்பார்கள். பானையை எடுத்து வந்தேன். எடுக்காமல் வந்திருந்தால் அதையும் யாராவது பார்த்திருப்பார்கள்.

மறுநாள் வாசலில் அந்தப் பானையில்தான் பொங்கல் வைத்தேன். தெரு முழுக்க அடுப்புகள். அம்பலம் வழக்கம்போல ஒவ்வொரு வாசலாக வந்துகொண்டிருந்தவர் என் அடுப்புக்கு எதிரே நின்றார். பால் நுரைத்து மேலே வந்து வழிந்தது. பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோரும் "பொங்கலோ பொங்கல்!" என்று கூவினார்கள். நானும் கூவினேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் நான் நிறுத்தவில்லை. "அவளுக்கு எப்பவும் நல்ல தொண்டை" என்று யாரோ சொன்னார்கள். என் அண்ணனுக்கு நான் அழுதது அந்தச் சத்தத்துக்குள்தான். எதிரே நின்ற அம்பலம் உட்பட, ஊரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.